அந்தப் பென் டிரைவ் ஏன் வரவில்லை என்றால்

முத்துவுக்கு,

நலமாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்குவார்கள். நாலு வருஷமாக அதைக் கேட்காதவன் இப்போது முதல் வரியிலேயே கேட்டால் நீ சிரிப்பாய், இல்லை காகிதத்தை மடித்து அலமாரியில் போட்டுவிடுவாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் தங்கச்சி வந்திருந்தாள். நீ சொல்லி அனுப்பியதைச் சொன்னாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் 'நம்ம வீடு' என்ற ஃபோல்டரில் கிடக்கும் பழைய வீடியோக்களை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதும், அப்பாவிடம் வேறு எதுவும் வேண்டாம் என்றாயாம். உன் மகள் சுவரில் இருக்கும் அம்மாவின் போட்டோவைக் காட்டி, "இந்த அப்பத்தா பேசாதா?" என்று கேட்டாளாம். தங்கச்சி இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை. உன்னிடமும் இல்லை, ஆனால் எழுத முடிகிறது. பென் டிரைவ் வராது, முத்து. அந்த ஃபோல்டர் இப்போது இல்லை. அதை அழித்தது நான்.

முழுசாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும், எனக்கும் கொஞ்சம் இறங்கும். நான் பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷத்துக்கு மேல் டைம் கீப்பராக இருந்தவன். ரெண்டு நிமிஷம் பிந்தி வந்த டிரைவரை ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்துக் கேள்வி கேட்டுப் பழகியவன். வீட்டிலும் அதே ஜன்னலுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். நீ இந்திராவைக் கல்யாணம் செய்துகொண்டு ஒத்தக்கடையில் வீடு பிடித்துப் போனபோது, நீ என்னிடம் கேள்வி கேட்கப்பட வேண்டிய ஆள் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அவள் தாத்தா வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் வயலில் நாற்றுப் பிடுங்கியவர். அவள் காலேஜில் பாடம் நடத்துகிறாள். நான் பத்தாவது. அப்படியும் எங்கள் ரெண்டு பேரில் யார் மேல், யார் கீழ் என்று நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை, ஏதோ அது ரேஷன் கார்டில் அச்சடித்து வந்தது மாதிரி. காளவாசலில் பஸ் ஏறினால் ஒத்தக்கடை என்ன பெரிய தூரமா? நான் வரவில்லை. உன் பேரையும் வீட்டில் சொல்வதை விட்டுவிட்டேன். "அவன்" என்று சொல்வேன். அம்மா மட்டும் முத்து என்றே சொல்லிக்கொண்டிருந்தாள், நான் காது கேளாதவன் மாதிரி பேப்பரைத் திருப்புவேன்.

பிறகு தங்கச்சி கல்யாணம் முடிவானது. இப்போதெல்லாம் மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை வைத்து, பெண்ணும் மாப்பிள்ளையும் குழந்தையாக இருந்ததிலிருந்து ஓட்டிக் காட்டுகிறார்கள் அல்லவா, அது வேண்டும் என்றார்கள் சம்பந்தி வீட்டில். மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னைத் தனியே கூப்பிட்டு, பையன் விஷயம் எங்களுக்குத் தெரியும், ஆனால் சபையில் அந்தப் பேச்சு எழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். படத்திலிருந்து உன்னை எடுக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. அதை நானாக முடிவு செய்தேன். ஸ்டூடியோக்காரர் வந்து, பழைய வீடியோவைக் கொடுங்கள், நானே சேர்த்துத் தருகிறேன் என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முன்பின் தெரியாத ஒருவரிடம் திரையைக் காட்டி, இந்தப் பையன் வருகிற இடத்தையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்று எப்படிச் சொல்வது? அவர் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த வெட்கம் வந்தபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஊரில் யாரும் செய்யாத காரியமாக, அறுபத்தொரு வயதில் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன்.

நீ விட்டுப்போன கம்ப்யூட்டர்தான். புதிதாகக் கற்பவர்களுக்கென்று இலவசமாகக் கிடைக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கினேன். யூடியூபில் ஒருவர் தமிழில் அழகாகச் சொல்லிக்கொடுத்தார். நான் டூட்டி நோட்டு மாதிரி ஒரு நோட்டுப் போட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். முதலில் இம்போர்ட். வீடியோவைக் கீழே டைம்லைனில் இழுத்துப் போட வேண்டும். வேண்டாத இடம் தொடங்கும் இடத்தில் ஒரு வெட்டு, முடியும் இடத்தில் ஒரு வெட்டு, நடுவில் உள்ளதைத் தொட்டு டிலீட். விட்டுப்போன இடைவெளியை இழுத்து மூட வேண்டும். ஒருவர் ஓரமாக நின்றால் வெட்ட வேண்டாம், படத்தைப் பெரிதாக்கினால் ஓரத்தில் இருப்பவர் வெளியே போய்விடுவார். டைம்லைனைப் பார்த்ததும் எனக்குப் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. நிமிஷமும் செகண்டுமாக ஒரு பலகை, எது எப்போது வர வேண்டும், எது போக வேண்டும் என்று நான்தான் தீர்மானிக்கிறேன். ஒன்பது நாளில் கற்றுவிட்டேன். நீ எத்தனையோ முறை, வாங்கப்பா சொல்லித் தாரேன் என்று கூப்பிட்டிருக்கிறாய், அப்போது ஒரு மவுஸைப் பிடிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. ஆசையாகக் கற்க முடியாததைக் கோபத்தில் கற்றுக்கொண்டேன். கோபத்தில் செய்யும் வேலை ரொம்பச் சுத்தமாக வரும், முத்து. அதை நம்பிவிடாதே.

வேலை செய்யச் செய்ய ஒரு தொல்லை தெரிந்தது. நாற்பத்தொரு வீடியோ. எல்லாம் நான் பிடித்தவை, அதனால் எதிலும் நான் இல்லை. நீ நிற்கும் இடத்தில் எல்லாம் அம்மா நிற்கிறாள். உனக்குச் சின்ன வயதில் இளைப்பு இருந்ததே, எந்த நேரம் மூச்சு இழுக்குமோ என்று அவள் கை எப்போதும் உன் முதுகில் இருக்கும். உன்னைப் பெரிதாக்கி வெளியே தள்ளினால் அவளும் வெளியே போகிறாள். உன்னை வெட்டினால் அவளும் சேர்ந்தே போகிறாள். அவளை மட்டும் வைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்த வித்தையில் வழி இல்லை. கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. போகட்டும், இது பெண்ணின் படம்தானே, பெண் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா சண்டை போடவில்லை. ஒருநாள் காலை காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். உனக்குக் காது குத்திய வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நான் உன் முகம் வந்த இடத்தில் நிறுத்தி, வெட்டி, எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"அவன் இல்லாத எடத்துல நான் எதுக்கு? என்னையவும் சேத்து எடுத்துருங்க."

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். காப்பியைக் குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அன்றைக்கு நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

சத்தத்தையும் நான்தான் எடுத்தேன். படத்தில் உன்னை எடுத்துவிட்டாலும் சத்தத்தில் நீ இருந்தாய். அம்மா உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் எடுத்த ஒரு வீடியோவில் மட்டும் பதினோரு தடவை முத்து, முத்து என்கிறாள். ஒவ்வொன்றாகத் தேடி அமுக்கிப் பார்த்தேன், ஓட்டை ஓட்டையாக இருந்தது. கடைசியில் எல்லாச் சத்தத்தையும் மொத்தமாக மியூட் செய்துவிட்டு நாதஸ்வரம் போட்டேன். நோட்டில் அதையும் எழுதியிருக்கிறேன், ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. எக்ஸ்போர்ட் கொடுத்து முடித்தபோது ஆறு நிமிஷம் பத்து செகண்ட் வந்தது. அந்த ஆறு நிமிஷத்தில் உன் அம்மா நாலு செகண்ட் இருக்கிறாள். திருவிழாவில் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் இடம் அது. முகம் கேமராப் பக்கம் இல்லை. கூட்டத்துக்குள் உன்னைத் தேடித் திரும்பியிருக்கிறாள்.

மண்டபத்தில் படம் ஓடியது. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நீங்களே செய்தீர்களா என்று நாலு பேர் கை கொடுத்தார்கள். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றேன். என் அக்கா மகன் மட்டும் சாதாரணமாகக் கேட்டான், "மாமா, படத்துல அத்தையக் காணமே?" நான் சிரித்துக்கொண்டே, அவள்தான் கேமரா பிடித்தாள் என்றேன். பொய் அவ்வளவு லேசாக வந்தது. அம்மா அந்த ஆறு நிமிஷமும் மண்டபத்தில் இல்லை. பந்தியில் இலை போட்டாயிற்றா என்று பார்க்கப் போயிருந்தாள். கல்யாணப் பெண்ணின் அம்மாவை அங்கே யாரும் தேடவில்லை.

ஃபோல்டரை நான் வேண்டுமென்று அழிக்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். ஸ்டூடியோக்காரர் கல்யாண வீடியோவை எடுத்துக் கொடுத்தபோது அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற இடம் இல்லை என்று வந்தது. எது பெரிதாக இருக்கிறது என்று பார்த்தேன். 'நம்ம வீடு'தான். எடிட் செய்தபோது சேமித்த ப்ராஜெக்ட் ஃபைல் ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் நாற்பத்தொன்றும் வரிசையாக நிற்கும். சரி, எல்லாம் இதற்குள் இருக்கிறது, அது எதற்கு ரெண்டாவது முறை என்று ஃபோல்டரை அழித்தேன். எனக்கு எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கம் இல்லையே, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். அதே இடத்தில் கல்யாண வீடியோவை ஏற்றினேன். ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் ஒரு படமும் இருக்காது, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும் என்று அந்த யூடியூப்காரர் மூன்றாவது பாடத்தில் சொல்லியிருக்கிறார். அதையும் என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். எழுதியது மண்டையில் ஏறவில்லை. பழைய வீடியோ கேசட்டுகளும் பூஞ்சை பிடித்துவிட்டன என்று நீயே கம்ப்யூட்டருக்கு மாற்றி முடித்ததும் தூக்கிப் போட்டாயே, அவையும் இல்லை.

கல்யாணம் முடிந்து எட்டு மாசத்தில் அம்மா போய்விட்டாள். அன்று நீ வந்தாய். கொள்ளி நீதான் வைத்தாய், அதை மட்டும் நான் தடுக்கவில்லை. ஆனால் இந்திரா கைக்குழந்தையோடு எதிர்வீட்டுச் சுவரோரம் வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. நான் சொன்னால் மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. இதற்கு என்ன சமாதானம் எழுதினாலும் அது பொய்யாகத்தான் இருக்கும்.

கருமாதி முடிந்து வீடு காலியான பிறகு, ஒருநாள் மத்தியானம் அவள் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது. பேச்சுத் துணை என்று சொல்வார்களே, அது கூட இல்லை, சும்மா ஏங்க என்று அவள் கூப்பிடுவதைக் கேட்டால் போதும். கல்யாண வீடியோவில் முழுக்க மேளமும் பாட்டும்தான், அவள் குரல் இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டு ப்ராஜெக்டைத் திறந்தேன். வரிசை அப்படியே இருந்தது, நான் வெட்டிய வெட்டுகள் எல்லாம் இருந்தன. படம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சிவப்புச் சிவப்பாக, ஃபைல் காணவில்லை என்று எழுதியிருந்தது. நாற்பத்தொரு சிவப்பு. முதலில் ஏதோ கோளாறு என்று நினைத்து அணைத்து அணைத்துப் போட்டேன். பிறகு கம்ப்யூட்டர் பெட்டியை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ரிப்பேர் கடையாக ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்காரர் நல்ல மனுஷர், ரெண்டு நாள் வைத்துப் பார்த்தார்.

"அழிச்சதோட விட்டிருந்தா மீட்டுரலாம்யா. நீங்க அது மேலயே வேற எழுதிட்டீக. வாசல்ல போட்ட கோலத்தக் கழுவி விட்டுட்டு வேற கோலம் போட்டாச்சு, பழச எங்கிட்டுப் போயித் தேடுறது?"

அவர் காசு வாங்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். நான் அந்தக் கடையில் உட்கார்ந்து அழுதேன், முத்து. என் ஆயுசில் வெளியிடத்தில் அழுதது அது ஒன்றுதான். அம்மா செத்த அன்றுகூட நான் அழவில்லை, நீ பார்த்திருப்பாய்.

இனி உன் மகளை நீ படம் எடுப்பாய். அதனால் தெரிந்ததைச் சொல்லி வைக்கிறேன், கேட்டுக்கொள்வதும் விடுவதும் உன் இஷ்டம். எடுத்ததை எடுத்தபடியே ரெண்டு இடத்தில் வை, ஒன்று வீட்டுக்கு வெளியே தங்கச்சியிடம் இருக்கட்டும். வெட்டுவதை நகலில் வெட்டு. சத்தம் நன்றாக இல்லை என்று எடுத்துவிடாதே, குக்கர் விசிலும் வண்டிச் சத்தமும் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நீயே எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நிற்காதே, அப்புறம் நீ எங்கே என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. இந்திராவிடம் கொடு, அவள் உன்னை எடுக்கட்டும். இதை எல்லாம் வாழ்க்கைக்கும் பொருத்தி அப்பா தத்துவம் பேசுகிறார் என்று நினைக்காதே. எனக்குத் தத்துவம் பேசும் யோக்கியதை இல்லை. கம்ப்யூட்டருக்குத்தான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் என்னிடம் மிச்சம் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று நினைத்தால் எனக்கே கூசுகிறது. உன்னை எடுப்பதற்காக அந்த நாற்பத்தொரு வீடியோவையும் நான் ஒவ்வொரு செகண்டாக, முன்னும் பின்னும் ஓட்டி, எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. நீயும் தங்கச்சியும் அவற்றை ஒருமுறை, ரெண்டுமுறை பார்த்திருப்பீர்கள். அம்மாவும் அப்படித்தான். அவள் எந்த இடத்தில் என்ன சொன்னாள் என்பது முழுசாகத் தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். அழிக்க உட்கார்ந்தவனுக்கு மனப்பாடம் ஆகியிருக்கிறது.

காது குத்தும்போது நீ தாய்மாமன் மடியில் கிடந்து கத்துகிறாய். அம்மா ஆசாரியிடம், "பாத்துக் குத்துங்கப்பா, அழுதா அவனுக்கு இளைப்பு வந்துரும்" என்கிறாள். பிறகு குனிந்து, "முத்து, அங்கிட்டுப் பாக்காத, அம்மாவப் பாரு, அம்மா மூஞ்சியப் பாரு" என்கிறாள். நீ பார்க்கிறாய். அழுகை நிற்கவில்லை, ஆனால் பார்க்கிறாய். அடுப்படியில் பணியாரம் சுடும் வீடியோ ஒன்று. உனக்கு ஏழு வயசு இருக்கும். "எம்புட்டுடா திம்ப, தங்கச்சிக்கு ரெண்டு வையி" என்று உன் கையைத் தட்டிவிட்டு, அவளே இன்னொன்றை எடுத்து ஊதி உன் வாயில் வைக்கிறாள். என் பக்கம் திரும்பி, "ஏங்க, இதப் போயா படம் புடிப்பாக, தலையக்கூடச் சீவல" என்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். நீ காலேஜுக்குப் போன முதல் நாள் பஸ் வந்துவிட்டது, எல்லோரும் ஏறுகிறார்கள். "உறிஞ்சுற மருந்து எடுத்தியா? எங்க, காட்டு. பையில வேணாம், சட்டைப் பையில வையி" என்கிறாள். கூட்டத்துக்கு முன்னால் உனக்கு வெட்கம், சரிம்மா சரிம்மா என்கிறாய். திருவிழா வீடியோவில் பதினோரு தடவை கூப்பிட்ட பிறகு, நீ அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறாய் என்று தெரிகிறது. ஒரு அடி வைக்கிறாள். வைத்த கையோடு உன் தலையை வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, "எங்கடா போன? உசுரே போயிருச்சு" என்கிறாள். இன்னும் இருக்கிறது. நாற்பத்தொன்றும் இருக்கிறது. ஆனால் எனக்கு வயது அறுபத்து நாலு, போன மாசம் கேஸ் சிலிண்டர்காரருக்கு நம் வீட்டுக் கதவு எண்ணைச் சொல்லத் திணறினேன்.

இவற்றை நானே சொல்லிப் பதிவு செய்து உனக்கு அனுப்பலாம் என்று மூன்று நாள் முயன்று பார்த்தேன். கேமராவுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தேன். அம்மா பேசியதில் முக்கால்வாசி உன் பேரில்தான் தொடங்குகிறது. அந்த இடத்தில் என் வாய் நின்றுவிடுகிறது. எழுதும்போது வருகிற பேர் சொல்லும்போது வரவில்லை. நாலு வருஷம் சொல்லாமல் இருந்தால் அப்படி ஆகிவிடும் போல. எதிரில் நீ உட்கார்ந்திருந்தால் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

வருவதானால் மூன்று பேருமாக வாருங்கள். இந்திராவை நான் வாசலுக்கு வந்து கூப்பிடுகிறேன், அவள் வேண்டாம் என்றால் அங்கேயே நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பிறகு நீ கேமராவை வை, நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். வர மனசில்லை என்றால் அதற்கும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அப்படியென்றால் அம்மா பேசியதாக நான் மேலே எழுதியிருக்கும் இடங்களை மட்டும் உன் மகளை மடியில் வைத்து நீயே வாசித்துக் காட்டு. என் குரலைவிட உன் குரலில் அது அவளுக்குக் கிட்டத்தில் இருக்கும். நீ வராவிட்டால், அந்தக் குழந்தையின் அப்பத்தா பேசியதில் இந்த உலகத்தில் மிச்சம் அவ்வளவுதான்.

அப்பா